என் குறிப்புகள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன?

கைபேசியில் குறிப்பு எழுத நல்ல செயலி ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், பெயரைச் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன். இதுவரை எழுதி வைத்திருப்பதெல்லாம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது? பெரும்பாலும் பதில் வருவதில்லை. செயலியைத் திறந்தால் குறிப்பு தெரிகிறது, மூடினால் போய்விடுகிறது, அதற்கு மேல் தெரியாது என்பார்கள். நாளைக் காலை வாங்க வேண்டிய கறிவேப்பிலைக்கு அது போதும். ஆனால் பத்து வருஷம் கழித்தும் வேண்டும் என்று நினைக்கிற எதையும் அப்படி வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

என் கைபேசியில் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் ‘குறிப்புகள்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே இருக்கும் குறிப்புகள் எல்லாம் வெறும் டெக்ஸ்ட் கோப்புகள். எழுத்து, இடைவெளி, அடுத்த வரி. இந்த மூன்றைத் தவிர அவற்றில் வேறொன்றும் கிடையாது. ‘மளிகை’, ‘அம்மா மருந்து’, ‘மோட்டார் ரிப்பேர்’, ‘பெரியப்பா சொன்னது’, ‘படிக்க வேண்டியது’ என்று விஷயத்துக்கு ஒரு கோப்பு. ‘அம்மா மருந்து’ கோப்பிலிருந்து சில வரிகள் இதோ:

2025-02-11 காலை பிபி 146/88. வெறும் வயிற்றில் சர்க்கரை 132.
2025-02-11 டாக்டர் இரவு மாத்திரையை மாற்றினார். பழைய அட்டையைத் தனியே எடுத்து வைத்தாச்சு.
2025-02-20 இடது கணுக்காலில் வீக்கம். மாலையில் அதிகம், காலையில் இல்லை.
2025-03-02 வீக்கம் வற்றிவிட்டது.

பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் மருத்துவமனையில் டோக்கன் வாங்கி, கூட்டத்தில் காத்திருந்து, கடைசியில் உள்ளே போனதும் டாக்டர் “எப்பலேர்ந்து இந்த வீக்கம்?” என்று கேட்பார். அம்மா “ரொம்ப நாளா” என்பாள். நான் ‘வீக்கம்’ என்று தேடுவேன். எந்தத் தேதியில் வந்தது, எப்போது வற்றியது, அதற்கு முன்னால் எந்த மாத்திரை மாறியது எல்லாம் வரிசையாக வந்துவிடும். தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அப்படி எழுதினால் கணினியோ கைபேசியோ அகரவரிசைப்படி அடுக்கும்போது அதுவே காலவரிசையாகவும் அமைந்துவிடும். இதற்காக எந்த வசதியையும் யாரும் செய்து தர வேண்டியதில்லை.

நான் பயன்படுத்துகிற செயலியின் பெயர் மார்க்கோர். ஆண்ட்ராய்டுக்கானது, திறந்த மூலச் செயலி, இலவசம். எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்தில் கிடைக்கும். கணக்கு தொடங்கச் சொல்லாது, மின்னஞ்சல் கேட்காது. திறந்ததும் அடியில் நான்கு தாவல்கள் இருக்கும். ஒன்று கோப்புகளின் பட்டியல், ஒன்று செய்ய வேண்டிய வேலைகள், ஒன்று அவசரக் குறிப்பு, கடைசியாக அமைப்பு முதலானவை. கோப்பைத் தொட்டால் திறக்கும். மேலே ஒரு கண் படம். அதைத் தொட்டால் படிக்கும் வடிவம், மறுபடி தொட்டால் எழுதும் வடிவம். எழுதிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்து வெளியே போனாலும் எழுதியது சேமிப்பாகிவிடும். எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், இரவில் கறுப்புப் பின்னணி வைக்கலாம். வேறொரு செயலியில் படித்துக்கொண்டிருக்கும் பத்தியைப் பகிர் என்று கொடுத்து நேராக ஒரு கோப்பின் கடைசியில் சேர்க்கலாம். தினமும் எனக்குக் கைகொடுப்பது இந்தக் கடைசி வசதிதான்.

என் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது என் கைபேசியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏன் அத்தை, எவ்வளவோ அழகான ஆப் எல்லாம் இருக்கு. இது என்ன, வெறும் எழுத்தா இருக்கு?”

“எனக்கு எழுத்துதானடி வேணும்.”

“சரி, நாளைக்கு இந்த மார்க்கோரையே நிறுத்திட்டாங்கன்னா என்ன பண்ணுவீங்க?”

நியாயமான கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்வதைவிடச் செய்தே காட்டலாம் என்று, அவள் முன்னாலேயே மார்க்கோரை நீக்கினேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கைபேசியோடு வந்த கோப்பு மேலாளரைத் திறந்து, டாக்குமெண்ட்ஸுக்குள் போய், ‘அம்மா மருந்து’ கோப்பைத் தொட்டேன். அது திறந்தது. ஒரு வரிகூடக் குறையவில்லை. “ஓ, ஃபைல் வேற, ஆப் வேறயா!” என்றாள். அதேதான். மார்க்கோரை மறுபடி நிறுவி, அதே ஃபோல்டரைக் காட்டியதும் எல்லாம் பழையபடி வந்து நின்றது.

இதே சோதனையை எல்லாச் செயலியிலும் செய்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனக்கென்று ஓர் உள்ளறை உண்டு. செயலியை நீக்கினால் அந்த அறையும் அதிலுள்ளதும் சேர்ந்தே அழிந்துவிடும். சில குறிப்புச் செயலிகள் டெக்ஸ்ட் கோப்பாகத்தான் சேமிக்கின்றன, ஆனால் அந்த உள்ளறையில் சேமிக்கின்றன. இந்த வித்தியாசம் வெளியே தெரியாது. ஆகவே புதுச் செயலி எதையும் பழக ஆரம்பிக்கும் முன் ஒரு பரிசோதனை செய்யுங்கள். ஒரே ஒரு குறிப்பு எழுதுங்கள். செயலியை மூடுங்கள். கோப்பு மேலாளரில் போய் அந்தக் குறிப்பைத் தேடுங்கள். கிடைத்தால், அதை வேறொரு செயலியில் திறந்து ஒரு சொல்லை மாற்றிச் சேமித்துவிட்டு, முதல் செயலிக்குத் திரும்பி வந்து பாருங்கள். மாற்றம் தெரிந்தால் உங்கள் எழுத்து உங்களிடம்தான் இருக்கிறது. தேடியும் கிடைக்கவில்லை என்றால், அது அந்தச் செயலியிடம் இருக்கிறது.

2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 இந்த விஷயத்தைக் கொஞ்சம் சிக்கலாக்கியது. அதிலிருந்து ஒரு செயலி பொதுவான ஃபோல்டர்களில் கண்டபடி நுழைய முடியாது. பாதுகாப்புக்கு அது நல்லதுதான். முகநூல் செயலிக்கு என் அம்மாவின் மருந்துப் பட்டியல் எதற்கு? ஆனால் மார்க்கோர் போன்றவற்றுக்கு எல்லாக் கோப்புகளையும் அணுகும் அனுமதி வேண்டும். முதல் தடவை திறக்கும்போது அது கேட்கும். பலர் பயந்து மறுத்துவிட்டு, செயலி வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். என்ன அனுமதி, எதற்காக என்று படித்துப் பார்த்துக் கொடுத்தால் போதும்.

செயலிகள் நின்றுபோவது கற்பனைப் பயம் இல்லை. கூகுள் நோட்புக் என்று ஒன்று இருந்தது. 2006இல் வந்தது, 2012இல் மூடப்பட்டது. ஸ்பிரிங்பேட் 2014இல் போனது. எவர்நோட் இன்னும் இருக்கிறது. ஆனால் 2023 இறுதியில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டுப்புத்தகம் என்று வரம்பு வைத்தது. பழைய குறிப்புகளைப் பார்க்கவும் வெளியே எடுக்கவும் வழி விட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நிறுவனம் நடத்துபவர்களுக்கு அவர்கள் கணக்கு. ஆனால் இப்படி ஒவ்வொரு முறையும் அறிவிப்பைக் கவனித்து, காலக்கெடுவுக்குள் எல்லாவற்றையும் இறக்கி, வேறு எங்கேயோ ஏற்றுகிற வேலை நம் தலையில் விழுகிறது. அந்த மாதம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால்? அறிவிப்பு வந்த மின்னஞ்சலை நாம் பார்ப்பதே இல்லை என்றால்?

உலகத்தில் நீண்ட காலம் தாக்குப்பிடித்த கணினிக் கோப்புகள் எவை என்று பார்த்தால் அவற்றில் டெக்ஸ்ட் கோப்புக்குத் தனி இடம் உண்டு. மைக்கேல் ஹார்ட் 1971இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை ஒரு பெரிய கணினியில் தட்டெழுதி ஏற்றினார். அதுதான் குட்டன்பர்க் திட்டத்தின் தொடக்கம். எந்தக் கணினியிலும் திறக்க வேண்டும் என்பதற்காக வெறும் எழுத்தாகவே நூல்களை வைத்தார்கள். அப்படித் தட்டிய ஆங்கில எழுத்துகளை இன்றைய கைபேசியும் தயங்காமல் காட்டும்.

தமிழுக்கு அந்தக் கொடுப்பினை அவ்வளவு சுலபமாக வாய்க்கவில்லை. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ‘வெறும் டெக்ஸ்ட் என்றால் என்றைக்கும் அழியாது’ என்று ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சொல்வதை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது. 1990களில் தமிழில் தட்டெழுதியவர்கள் உண்மையில் சேமித்தது ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துரு ஒன்று உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒன்று. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது. இணையத்தில் இருந்தவர்கள் கூடிப் பேசி டிஸ்கி என்ற குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். ஈழத்தவர்களிடமும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பாமினி எழுத்துரு பரவலாக இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் வைக்கும் மதுரைத் திட்டம் இந்தச் சிரமம் எல்லாவற்றையும் பட்டது. ஒரு எழுத்துருவில் தொடங்கி, டிஸ்கிக்கு மாற்றி, பிறகு மறுபடி யூனிகோடுக்கு மாற்றினார்கள். தன்னார்வலர்கள் உட்கார்ந்து செய்த வேலை அது. அவர்கள் செய்யாமல் விட்டிருந்தால், தட்டெழுதிய இலக்கியமெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் படிக்க முடியாததாகப் போயிருக்கும்.

என் பெரியப்பா ஓய்வுபெற்ற பிறகு ஊர்க் கதைகளைப் பாமினியில் தட்டி ஒரு சிடியில் வைத்திருந்தார். அந்தக் கோப்பைக் கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு கலவை வரும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையைத்தான் பயன்படுத்துவார்கள். ஆகவே திரை முழுக்க அரைப்புள்ளி இறைந்து கிடந்தால் அது பாமினியாக இருக்க வாய்ப்பு அதிகம். இப்படிக் கோப்பு வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சுரதாவின் பொங்கு தமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவை இத்தகைய பழைய குறியீடுகளை யூனிகோடாக மாற்றித் தரும். பெரியப்பாவின் கோப்பு மாறி வந்ததும் கமலை இறைத்த நாட்களைப் பற்றி அவர் எழுதியிருந்த பக்கம் முழுதாகக் கிடைத்தது. சால், தும்பி, வடம், வால்கயிறு என்று ஒவ்வொன்றையும் விளக்கியிருந்தார். அது இப்போது என் ஃபோல்டரில் இருக்கிறது. பேருந்தில் உட்கார்ந்து படிக்கிறேன். அவர் தொலைபேசியில் ஏதாவது சேர்த்துச் சொன்னால் அங்கேயே கீழே எழுதிவிடுகிறேன்.

இன்று நாம் தமிழில் ஒரு டெக்ஸ்ட் கோப்பைச் சேமித்தால் அது யூனிகோடில், யூடிஎஃப்-8 என்ற முறையில் போகிறது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த முறை அது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘அ’ என்றால் மூன்று. ‘கோ’ என்றால் ககரத்துக்கு மூன்றும் ஓகாரக் குறிக்கு மூன்றுமாக ஆறு. தமிழ் அதிக இடம் பிடிக்கிறதே என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. இன்று கைபேசியில் இது ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பதிவு முழுவதும் நூறு கேபிக்குள் அடங்கிவிடும். கைபேசியில் எடுக்கிற ஒரு புகைப்படம் சாதாரணமாகச் சில எம்பி. வாழ்நாள் முழுக்க எழுதினாலும் மெமரி கார்டின் ஓரத்தில்தான் கிடக்கும்.

பைட் கணக்கு ஓரிடத்தில் மட்டும் இடிக்கும். ஆண்ட்ராய்டில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. ஆங்கிலத்தில் 255 எழுத்து என்பது நீளமான வாக்கியம். தமிழில் அது 85 குறியீடு. உயிர்மெய்க்கும் மெய்க்கும் பெரும்பாலும் இரண்டு குறியீடு என்பதால், ஐம்பது எழுத்தைத் தாண்டும்போதே பெயர் முட்ட ஆரம்பிக்கலாம். ஒரு கட்டுரையின் தலைப்பை அப்படியே கோப்பின் பெயராக வைத்தால் சில நேரம் சேமிக்க மாட்டேன் என்பது இதனால்தான். சின்னப் பெயராக வைத்துவிட்டு, தலைப்பைக் கோப்பின் முதல் வரியில் எழுதுங்கள். அகரவரிசையையும் நம்பாதீர்கள். யூனிகோடின் எண் வரிசையில் ழகரம் வகரத்துக்கு முன்னால் இருக்கிறது. அதனால் சில செயலிகள் ‘பழம்’ முதலிலும் ‘பவளம்’ பிறகும் வரும்படி அடுக்கும். நம் அகராதியில் பவளம்தான் முதலில்.

தேடுவதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, தமிழில் எழுதுகிற எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. ‘ஔவை’ என்று எழுத ஔ என்ற ஒரே எழுத்து இருக்கிறது. ஆனால் பலர் ஒகரத்தைத் தட்டி, பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுகிறார்கள். ‘ஒளவை’. கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். கைபேசிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ‘சௌக்கியம்’ போன்றவற்றில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போடுவதும் இதே கதை. இன்னும் நுட்பமானது ‘கொ’. இதை ககரமும் ஒகரக் குறியுமாக எழுதலாம். ககரம், கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் மயிரிழை வித்தியாசமும் தெரியாது. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால் நேராக ஒப்பிட்டுத் தேடுகிற எளிய செயலி அதைப் பார்ப்பதில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இப்படிப் பிரிந்த எழுத்துகள் கலந்திருக்கலாம். தேடிய சொல் கிடைக்காதபோது நான் செய்வது, கொம்பும் காலும் இல்லாத ஒரு துண்டைத் தேடுவது. ‘கொழுந்து’ வரவில்லை என்றால் ‘ழுந்து’ என்று தேடுவேன். வந்துவிடும்.

உள்ளிடுவது அவரவர் பழக்கம். தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு அதைவிட வேகமாக எதுவும் வராது என்று நான் நினைக்கிறேன். கைபேசியில் செல்லினம் என்ற செயலியில் அது இருக்கிறது. குரலால் தமிழ் எழுதுவதும் நன்றாக முன்னேறியிருக்கிறது. பெரியப்பா பேசுவதைக் கேட்டு நானே திருப்பிச் சொல்லி எழுத வைப்பேன். நிறுத்தக்குறிகளையும் ஒற்றுகளையும் பிறகு கையால் சரிசெய்ய வேண்டும்.

தலைப்பு, பட்டியல் போடுகிற குறிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்க்டவுன் என்று ஒரு முறை இருக்கிறது. ஜான் குரூபர் 2004இல் வெளியிட்டார், ஆரன் சுவார்ட்ஸ் உடன் உதவினார். வரியின் முன் # போட்டால் தலைப்பு, சிறுகோடு போட்டால் பட்டியல், இருபுறமும் நட்சத்திரம் போட்டால் அழுத்தம். மார்க்கோரில் அந்தக் கண் படத்தைத் தொட்டால் இவையெல்லாம் அலங்காரமாக மாறித் தெரியும். மாறாவிட்டாலும் படிக்க முடியும் என்பதுதான் அதன் அருமை. நான் தலைப்பும் பட்டியலும் தவிர வேறெதையும் தொடுவதில்லை. வேலைப் பட்டியலுக்கு ஜினா டிரபானி உருவாக்கிய டூடூ.டிஎக்ஸ்டி என்ற முறையையும் மார்க்கோர் அறியும். ஒரு வேலைக்கு ஒரு வரி, முடிந்த வேலையின் முன் ஒரு சின்ன எக்ஸ். கேஸ் பதிய, கரண்ட் பில் கட்ட, பிளம்பரைக் கூப்பிட. அவ்வளவுதான்.

கைபேசியில் எழுதியது கணினிக்கு எப்படிப் போகும்? நான் சின்க்திங் பயன்படுத்துகிறேன். அது இடையில் யாருடைய கிடங்கிலும் வைக்காமல், கைபேசியும் கணினியும் நேராகப் பேசி ஒரு ஃபோல்டரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருக்கும். இங்கேயும் ஒரு பாடம் நடந்தது. சின்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலியைத் தொடர முடியாது என்று அறிவித்து, 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து கிளைத்த வேறொரு செயலியை நிறுவி, அதே ஃபோல்டரைக் காட்டினேன். வேலை முடிந்தது. அண்ணன் மகள் கேட்ட கேள்விக்கு உலகமே பதில் சொன்னது மாதிரி இருந்தது.

இரண்டு பக்கமும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் மாற்றினால் மோதல் வரும். சின்க்திங் எதையும் அழிக்காது. ஒரு பிரதியை அப்படியே விட்டு, மற்றதைப் பெயரில் ‘சின்க்-கான்ஃப்ளிக்ட்’ என்ற சொல்லும் தேதியும் நேரமும் சேர்த்துப் பக்கத்தில் வைக்கும். திறந்து பார்த்து நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தவிர்க்க எனக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. வெளியில் இருக்கும்போது கைபேசியில் புதிதாக எழுதுவதெல்லாம் ‘வரவு’ என்ற ஒரே கோப்பில். கணினியில் அந்தக் கோப்பைத் தொட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கைபேசியிலேயே அதிலிருந்து ஒவ்வொன்றையும் எடுத்து உரிய இடத்துக்கு மாற்றுவேன். ‘அம்மா மருந்து’ மட்டும் விதிவிலக்கு, அதைக் கைபேசியில் மட்டும்தான் எழுதுவேன். இரு இடத்தில் ஒத்திசைந்து இருப்பது காப்புப் பிரதி ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஆகவே மாதம் ஒரு முறை ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து பீரோவில் வைக்கிறேன். சில நொடிகளில் முடிந்துவிடுகிற வேலை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. 2017இல் ஐஓஎஸ் 11இலிருந்து ஃபைல்ஸ் என்ற செயலி அதில் இருக்கிறது. ஐஏ ரைட்டர், அப்சிடியன் போன்றவை எழுதும் கோப்புகளை அங்கே போய்ப் பார்க்கலாம். அப்சிடியன் ஆண்ட்ராய்டிலும் உண்டு. ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு போட்டுப் பின்னிக்கொண்டே போக விரும்பும் ஆராய்ச்சியாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். அதன் நிரல் திறந்த மூலம் இல்லை. ஆனாலும் கோப்புகள் நம் ஃபோல்டரில் மார்க்டவுனாகவே இருக்கின்றன. அதனால் அதன் மேல் எனக்குக் குறை இல்லை.

டெக்ஸ்ட் கோப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வீட்டில் நாலு பேர் ஒரே மளிகைப் பட்டியலில் ஆளுக்கொன்றாகச் சேர்த்து, கடையில் நிற்பவர் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும் என்றால் கூகுள் கீப் மாதிரி ஒன்றே வசதி. கல்யாண வேலை நடந்தபோது நாங்களும் அதைத்தான் வைத்துக்கொண்டோம், முடிந்ததும் வேண்டியதை மட்டும் என் கோப்புக்கு எடுத்துக்கொண்டேன். கையால் வரைகிற படம், கணக்கு அட்டவணை இவற்றுக்கும் வேறு இடம் தேட வேண்டும். வங்கிக் கடவுச்சொல்லை டெக்ஸ்ட் கோப்பில் எழுதவே கூடாது. கோப்புகளை அணுகும் அனுமதி பெற்ற எந்தச் செயலியும் அதைப் படிக்க முடியும், கைபேசியைத் திறந்த நிலையில் வாங்கிப் பார்க்கிற யாரும் படிக்க முடியும். அதற்குக் கீபாஸ்டிஎக்ஸ் போன்ற பூட்டுள்ள செயலி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கோப்பை மட்டும் கடவுச்சொல் போட்டு மூடி வைக்கும் வசதி மார்க்கோரிலும் உண்டு. ஆனால் அப்படி மூடிய கோப்பை எல்லாச் செயலியும் திறக்காது என்பதால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

படங்களுக்கு நான் செய்வது இதுதான். மருந்துச் சீட்டை, ரத்தப் பரிசோதனை முடிவை, மோட்டாரின் வாரண்டி அட்டையைப் படம் எடுத்ததும் படத்தின் பெயரையே தேதியாக மாற்றிவிடுவேன். 2025-02-11-சீட்டு என்று. அந்தப் படம் அதே ஃபோல்டருக்குள் ‘படங்கள்’ என்ற உள் ஃபோல்டருக்குப் போகும். ‘அம்மா மருந்து’ கோப்பில் அந்தத் தேதிக்குரிய வரியின் கடைசியில் படத்தின் பெயரை எழுதி வைப்பேன். டாக்டர் பழைய சீட்டைக் கேட்டால், முதலில் வரியைத் தேடுவேன், பிறகு படத்தைத் திறப்பேன். சீட்டில் மருந்தின் பெயர் புரியாத கையெழுத்தில் இருக்கும் என்பதால், மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு அதையும் அந்த வரியிலேயே தமிழில் எழுதிவிடுகிறேன்.